பால்மரக் கொட்டையும் பழைய சேலையும் போதும்

பெண்பிள்ளைக்கு அறையை அலங்கரிப்பது என்றால் கடைக்குப் போவது என்று ஆகிவிட்டது. இளஞ்சிவப்புத் திரைச்சீலை, சுவரில் ஒட்டும் பட்டாம்பூச்சி, சின்ன விளக்குச் சரம், இளவரசி படம் போட்ட மெத்தை உறை. ஈப்போவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இவைதான் அடுக்கிக் கிடக்கின்றன. வாங்கி மாட்டினால் ஒரே சாயங்காலத்தில் அறை அழகாகிவிடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அறையும் அப்படியேதான் இருக்கும். அங்கே தூங்குகிறவளுக்கு எது பிடிக்கும், அவள் கைக்கு என்ன வரும் என்று அந்த அறையைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

என் அக்காவுக்கு இரண்டு மகள்கள். பெரியவளுக்கு 11 வயது, சின்னவளுக்கு 8. ஈப்போவின் சிலிபினில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே வரிசையில் இருப்பதால், சனி ஞாயிறு என்றால் இரண்டு பேரும் என் வீட்டு முன்வாசலில்தான் இருப்பார்கள். கூடவே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். கத்தரிக்கோல், கோந்து, நூல், பழைய துணி என்று பரப்பிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்துவிட்டால் சோற்றுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பிள்ளை தன் கையால் செய்த நாலு பொருள் சுவரில் ஏறிவிட்டால் அந்த இடம் அவளுடையதாகிவிடுகிறது. அதற்குமேல் நாம் வாங்கிப் போடுவது எல்லாம் உபரி.

அறை என்று சொல்லும்போதே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. எத்தனை வீட்டில் பெண்பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது? அரசாங்க மலிவு அடுக்குமாடி வீடு என்றால் மூன்று அறை, மொத்தமே 700 சதுர அடி. அப்பா அம்மாவுக்கு ஒன்று, பையன்களுக்கு ஒன்று, மூன்றாவது அறையில் பாட்டியும் பேத்திகளும். அந்த அறையிலேயே துணி மடித்து வைக்கும் கூடை, இஸ்திரிப் பலகை, பழைய மின்விசிறி எல்லாம் இருக்கும். அதனால் நான் அறை என்று எழுதும் இடத்தில் எல்லாம் கட்டிலை ஒட்டிய சுவர் என்று வாசித்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு சுவர் இருந்தால் போதும்.

என் அம்மா பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். பலகைச் சுவர். பலகைக்குப் பலகை சந்து இருக்கும், அதில் காற்றும் வரும், பக்கத்து வீட்டுப் பேச்சும் வரும். மரவள்ளிக்கிழங்கு மாவில் பசை காய்ச்சி, பழைய தமிழ் நேசன் தாள்களைச் சுவர் முழுக்க ஒட்டுவார்களாம். (1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019 ஜனவரியோடு நின்றுபோனது. அம்மாவுக்கு அது இன்னும் தாங்கவில்லை.) எந்தத் தாள் எங்கே என்று முடிவு செய்வது வீட்டுப் பெண்பிள்ளைகள். படுக்கிற இடத்துக்கு நேரே நல்ல படம் வர வேண்டும். அதற்காகத் தீபாவளி மலரைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மைலோ டின், அதில் கிரேப் பேப்பர் ரோஜா. பெரியம்மா கம்பியில் சுற்றிச் சுற்றிச் செய்வாராம். பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) விடியற்காலையில் எழுந்து, வெயில் ஏறும்வரை பால் வெட்டிவிட்டு வந்த கை அது.

தோட்டம் துண்டாகி, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதியாகவும் செம்பனையாகவும் மாறி, எங்கள் ஆட்கள் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு என்று வந்து சேர்ந்தபோது இந்தக் கைவேலையில் பாதி அங்கேயே தங்கிவிட்டது. எனக்கு அதை மீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அதனால்தான் எங்கள் முன்வாசலில் முதல் இடம் பால்மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு.

1877இல் பிரேசில் விதையிலிருந்து வளர்ந்த ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகளைக் கோலாகங்சாரில் நட்டார்கள். அப்போது நடப்பட்டதில் ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் வேலி போட்டு நிற்கிறது. சிலிபினிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டினேன். தாத்தா பாட்டியெல்லாம் ஏன் கப்பலேறி இந்த ஊருக்கு வந்தார்கள் என்று கேட்ட கேள்விக்கு அந்த மரத்தடியில் நின்று பதில் சொல்வது சுலபமாக இருந்தது. சின்னவள் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “சித்தி, கொட்டை கீழ விழுந்திருக்கா?” என்றாள். அவளுக்கு வேண்டியது அதுதான்.

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வெயில் காய்ந்தால் பால்மரக் காய் பட்டென்று வெடிக்கும். ஒரு காய்க்கு மூன்று கொட்டை. சத்தம் கேட்ட திசையில் ஓடிப் பொறுக்குவதும், சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைப்பதும், உள்ளங்கையில் இரண்டை அடுக்கிக் குத்தி யாருடையது உடைகிறது என்று பார்ப்பதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மறக்காத விளையாட்டு. அம்மா இன்றும் ஐந்து கொட்டையை எடுத்துக் கல்லாங்காய் ஆடிக் காட்டுவார்.

ஒரு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் பூசியதுபோல் பளபளப்பு, வெளிர்ப் பழுப்பின் மேல் அடர்பழுப்புத் திட்டுகள், அடிப்பக்கம் கொஞ்சம் தட்டை. அந்த ஓடு தாய்மரத்தின் திசுவால் ஆனது. அதனால் ஒரு மரத்துக் கொட்டை எல்லாவற்றுக்கும் உருவமும் திட்டும் ஒன்றுபோலவே இருக்கும், பக்கத்து மரத்துக் கொட்டை வேறு. ஒட்டுமர வகைகளைக் கொட்டையைப் பார்த்தே இனம் கண்டுபிடிக்கும் வழக்கம் ரப்பர் ஆராய்ச்சியில் உண்டு. இதைச் சொன்னதும் பெரியவள் ஒரு வாளிக் கொட்டையையும் தரையில் கொட்டி, மரம் மரமாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நீளமானது, உருண்டை, திட்டு நெருக்கமானது, வெளுத்தது. புந்தோங் கச்சாங் பூத்தே வாங்கிய காலிப் போத்தல்களில் வகைக்கு ஒன்றாக நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தாள். அவள் சுவரை அலங்கரிக்கத் தொடங்கியது அங்கேதான். ஒன்றையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. பார்க்க அவ்வளவு அழகு.

மாலை கட்டுவதென்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. கொட்டைக்குள் பருப்பு இருக்கும், அதில் எண்ணெய் அதிகம். அப்படியே தொங்கவிட்டால் எண்ணெய் கசிந்து நாறும், வண்டும் வரும். ஓட்டைத் துளைத்து, கம்பியால் பருப்பைக் கிளறி எடுத்து, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே கோர்க்க வேண்டும். துளைப்பது பெரியவர் வேலை. கொட்டையைக் குறடில் பிடித்துக்கொண்டு சின்ன டிரில்லால் மெதுவாகப் போட வேண்டும், பிள்ளை கையில் பிடித்துக்கொள்ளக் கூடாது. பச்சைப் பருப்பில் சயனைடு வரும் நச்சு உண்டு. எடுத்த பருப்பை உடனே குப்பையில் கட்டிப் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வேலையே வேண்டாம். காய்ந்த ஓட்டில் துளி தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் தேய்த்தால் பளபளப்பு திரும்பும். தடித்த நூலில் ஒரு கொட்டை, ஒரு முடிச்சு, ஒரு மரமணி என்று கோர்த்து ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறோம். காற்றடித்தால் ஒன்றோடொன்று தட்டிக் கலகலவென்று சத்தம் வருகிறது.

கொட்டையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சாலையோரத்திலும் பள்ளித் திடலிலும் சாகா மரம் நிறைய. அதன் சிவப்பு விதைதான் நம் மஞ்சாடி. பொற்கொல்லர் தட்டில் எடைக்கல்லாக இருந்தது. பெட்டி மூடியில் பதிக்க, கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி ஒட்ட இதைவிட நல்ல பொருள் கிடையாது, நிறம் வெளுக்கவே வெளுக்காது. ஆனால் குன்றிமணியை இதோடு சேர்த்துவிடாதீர்கள். மஞ்சாடி முழுச் சிவப்பு, தட்டையாக இதய வடிவில் இருக்கும். குன்றிமணி சின்னது, உருண்டை, ஒரு முனையில் கறுப்பு. அதன் உள்ளே இருப்பது கொடிய விஷம். துளைத்த குன்றிமணியைப் பிள்ளை வாயில் போட்டுக் கடித்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஒன்றுகூட வைக்க வேண்டாம்.

பால்மர இலை இன்னொரு அதிசயம். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும், காடே சிவந்து பழுத்துக் கிடக்கும். ஒரு காம்புக்கு மூன்று இலை. சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் நிற்கும்படி செய்தால் வலைத்துணி மாதிரி ஓர் இலை கிடைக்கும். தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப் போட்டு அழுகவைப்பது பழைய முறை. நம் ஊரில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூடியில்லாத வாளித் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரத்தில் பறக்கத் தொடங்கிவிடும். டெங்கிக் காய்ச்சலுக்கு ஊரே பயந்துகொண்டிருக்கிறது, சுகாதாரத் துறை வந்து பார்த்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. சலவைச் சோடாவில் வேகவைப்பதுதான் பத்திரமான வழி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடா. எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். அந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்க வேண்டாம். சின்னத் தீயில், இலை கொழகொழவென்று ஆகும்வரை கொதிக்கட்டும், ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகலாம். அடுப்பு வேலை பெரியவர்களுக்கு.

அதன் பிறகுதான் பிள்ளைகளின் பங்கு. வெந்த இலையைப் பலமுறை அலசி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் விரித்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நரம்பு கிழியும். தட்டத் தட்டப் பச்சைச் சதை தண்ணீரில் கரைந்து இறங்கும், நடுநரம்பிலிருந்து கிளை, கிளையிலிருந்து இன்னும் மெல்லிய கிளை என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். எட்டு வயதுப் பிள்ளை மூச்சுக்கூட விடாமல் குனிந்திருந்தாள். தாளுக்கு நடுவில் வைத்துக் காயவைத்து, உணவுக்குப் போடும் சாயத்தில் முக்கி எடுத்தால் மஞ்சள், நீலம், ரோஜா என்று விரும்பிய நிறம் ஏறும். ஐந்தாறு இலையைக் கம்பியில் சேர்த்துச் சுற்றினால் பூ. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒற்றை இலையாக வைப்பதுதான் எனக்குப் பிடித்தது. பெரியவளுக்குப் பூவாகச் செய்ய வேண்டும். அவள் சுவர், அவள் விருப்பம்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஒட்டியது கோணலாக இருக்கும். விட்டுவிடுங்கள். அவள் பள்ளிக்குப் போன பிறகு எடுத்து நேராக ஒட்டி வைக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும், நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் வந்து பார்க்கிற பிள்ளைக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். அடுத்த தடவை, “நீங்களே ஒட்டிடுங்கம்மா” என்று தள்ளி உட்கார்ந்துவிடுவாள். விருந்தாளி வந்தால் சுவர் எப்படி இருக்கும் என்ற கவலையை வரவேற்பறையோடு நிறுத்திக்கொள்வோம். நிறத்தையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். பெண்பிள்ளை என்றால் இளஞ்சிவப்பு என்று யார் முடிவு செய்தார்கள்? எங்கள் சின்னவளுக்குப் பிடித்தது கரும்பச்சை. அவள் தலையணை உறையில் பித்தானில் செய்த ஒரு பல்லி இருக்கிறது, அதைப் பார்த்து அக்காவுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையிலிருந்து தொடங்குவது நல்லது. பெண்பிள்ளைகள் பாதிப் பேருக்குச் சடை பின்னத் தெரியும். பொம்மைக்குப் பின்னியிருப்பார்கள், தங்கைக்குப் பின்னியிருப்பார்கள். அதே மூன்று கால் பின்னலில் கட்டிலடிக்கு ஒரு கால்மிதி செய்துவிடலாம். கிழிந்த பருத்திச் சேலை இரண்டு போதும். நைலக்ஸ், ஷிஃபான் வேண்டாம், வழுக்கும். சேலையை நீளவாக்கில் மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். முனையில் கத்தரியால் ஒரு வெட்டு கொடுத்துவிட்டு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் சர்ரென்று நேராகக் கிழியும். எங்கள் முன்வாசலில் இந்தக் கிழிக்கிற வேலைக்குத்தான் போட்டி.

மூன்று பட்டையைச் சேர்த்துத் தைத்து, முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால் பிள்ளை பின்னிக்கொண்டே பின்னால் நகரலாம். பட்டை முடியும் இடத்தில் அடுத்த பட்டையை ஊசியால் நாலு தையல் போட்டு இணைக்க வேண்டும். மூன்று பட்டையும் ஒரே இடத்தில் முடியாமல், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று வைத்துக்கொண்டால் இணைப்பு ஒரே இடத்தில் தடிக்காது. பின்னல் வளர்ந்த பிறகு மேசைமேல் தட்டையாக வைத்து நடுவிலிருந்து சுருட்டுங்கள். சுற்றுக்குச் சுற்று பக்கவாட்டில் கெட்டி நூலால் தைத்துக்கொண்டே வர வேண்டும். கையில் தூக்கி வைத்துத் தைத்தால் இழுப்பு அதிகமாகி ஓரம் மேலே எழும்பி, கால்மிதி கிண்ணமாகிவிடும். ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் ஆனது. அவள் அழவில்லை. இன்னும் இரண்டு சுற்று இழுத்துத் தைத்து, முடிப்பட்டை, கிளிப் எல்லாம் போட்டு வைக்கும் கூடையாக்கிக்கொண்டாள். பிறகு மற்றவர்களும் வேண்டுமென்றே கிண்ணம் செய்தார்கள்.

எந்தச் சேலையைக் கிழிப்பது என்பது சின்ன விஷயமில்லை. அம்மா தன் பழைய சுங்குடியை எடுத்துக் கொடுத்தபோது அக்கா தடுத்தார். “உடுத்தறதுக்கா வச்சிருக்கேன்? பிள்ள கால்ல கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டார் அம்மா. மெரூன் சுங்குடியும் அக்காவின் மஞ்சள் காட்டனும் என் நீலமும் ஒரே பின்னலில் சேர்ந்திருக்கின்றன. பேத்தி தினமும் காலையில் அதன்மேல்தான் இறங்குகிறாள்.

காகித வேலைக்கு வருகிறேன். நம் நாட்டில் ஒரு வருஷத்தில் எத்தனை அங்பாவ் உறை வீட்டுக்கு வருகிறது என்று பாருங்கள். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை, தீபாவளிக்கு மயில், விளக்கு, கோலம் போட்ட ஊதாவும் ஆரஞ்சும். நல்ல தடித்த தாள், பொன் அச்சு. பணத்தை எடுத்துவிட்டுக் குப்பையில் போடுகிறோம். எங்கள் பிள்ளைகள் அதை ஒரு பெட்டியில் சேர்த்து வைக்கிறார்கள். சீனச் சிநேகிதி ஒருத்தி பள்ளியில் உறையால் விளக்குக்கூண்டு செய்யச் சொல்லிக் கொடுத்ததில் தொடங்கியது இது. ஆகச் சுலபமானது வட்டப்பூ. உறையின் ஒட்டைப் பிரித்துத் தட்டையாக விரித்து, விசிறி மடிப்பாக, விரல் அகலத்துக்கு மடித்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் நூலால் இறுக்கிக் கட்டி இரு பக்கமும் விரித்தால் வண்ணத்துப்பூச்சி. அப்படி மூன்றை ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் முழு வட்டம். சிவப்பு, பச்சை, ஊதா மூன்றையும் கலந்து ஒட்டும்போது ஒரு வருஷத்துப் பண்டிகை எல்லாம் ஒரே பூவில் வந்துவிடும். டிசம்பரில் சிலிபின் லூர்து மாதா தேவாலயப் பக்கத்துப் பிள்ளைகள் இதே மடிப்பில் நட்சத்திரம் செய்கிறார்கள், ஓரத்தைச் சாய்வாகக் கத்தரித்துவிட்டால் முனை வந்துவிடும்.

பெயர்ப் பலகை இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் சுவர் நிறைவதில்லை. இதற்கு வழி பேராக்கிலேயே இருக்கிறது. கோலாகங்சாரில் தெக்காட் என்று ஒரு மலாய்க் கைவேலை உண்டு. வெல்வெட் துணிமேல் அட்டையை உருவமாக வெட்டி வைத்து, அதன்மேல் பொன்னிழையை நெருக்கமாகப் போட்டு மூடித் தைப்பார்கள். பூ, கொடி எல்லாம் துணியிலிருந்து எழும்பி நிற்கும். அரண்மனைக்கும் கல்யாண மேடைக்கும் செய்த வேலை. அந்த நுட்பம் நமக்கு வராது, ஆனால் அட்டைமேல் இழை போர்த்துவது என்ற யோசனையை எடுத்துக்கொள்ளலாம். பலசரக்குக் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டியில் பிள்ளையின் பெயரைத் தமிழ் எழுத்தாகப் பெரிதாக வரைந்து வெட்டி, எழுத்து முழுக்கக் கம்பளி நூலைச் சுற்ற வேண்டும்.

தமிழ் எழுத்தில் இதைச் செய்வது சுவாரசியமான சவால். ‘ப’ இரண்டு நிமிஷத்தில் முடியும். ‘ழ’ வந்தால் அடிச்சுழிவில் நூல் வழுக்கிக்கொண்டே இருக்கும். வளைவுகளில் முதலில் கோந்து தடவி, காய்வதற்குள் நூலைப் பதித்துச் சுற்றினால் நிற்கும். உள்வளைவில் நூல் நெருங்கும், வெளிவளைவில் விலகும், விலகின இடத்தில் இன்னொரு சுற்று கொடுக்க வேண்டும். மெய்யெழுத்துப் புள்ளிக்குப் பித்தான். பெரியவள் பெயரில் ழகரம் உண்டு. அந்த ஒரு எழுத்துக்கு ஒரு மதியம் முழுக்க எடுத்துக்கொண்டாள். இப்போது வீட்டுக்கு வருகிற சிநேகிதிகளுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறாள். கறுப்புத் துணிமேல் வரிசையாகத் தைத்து, மேலே மூங்கில் குச்சி கோர்த்துத் தொங்கவிட்டிருக்கிறோம்.

தீபாவளிக்குக் கடைத்தொகுதிகளில் போடும் வண்ண அரிசிக் கோலத்தைச் சுவருக்குக் கொண்டுவர முடியுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். முடியும். பிளாஸ்டிக் பையில் அரிசி, சாயம், கொஞ்சம் வினிகர் போட்டுக் குலுக்கிக் காயவைத்து, பலகையில் புள்ளி வைத்துக் கோந்து தடவித் தூவலாம். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அரிசிக்கு வண்டு வந்துவிடும். கண்ணாடி போட்டு மூடிய சட்டம் இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் சாயமேற்றிய மணல் மேல்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாது. இரட்டைப் பக்க டேப் ஈப்போ மழைக்கு ஒரு மாதம் தாங்காது, விழும்போது சுவர்ப் பூச்சையும் உரித்துக்கொண்டு விழும். திரைச்சீலை மாட்டும் சுருள் கம்பி ஒன்றை ஜன்னல் சட்டத்திலிருந்து அலமாரிக்குக் கட்டி, எல்லாவற்றையும் துணி கிளிப்பில் தொங்கவிடுவதுதான் எனக்குத் தெரிந்து நல்ல வழி. மாற்றிக்கொள்ளவும் சுலபம். காகிதப் பொருளை வெளிச்சுவரில் ஒட்டினால் பூசணம் பிடிக்கும், உள்சுவரில் வையுங்கள். மாவுப் பசைக்கு எறும்பு வரும், வெள்ளைக் கோந்து பரவாயில்லை. காகித விளக்குக்கூண்டுக்குள் அகல், மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. பேட்டரி விளக்கு போதும், அதிலும் சின்னப் பித்தான் பேட்டரி உள்ள விளக்காக இருந்தால் மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கிய குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும்.

செலவு என்று பார்த்தால் கோந்து, கம்பளி நூல், உணவுச் சாயம், சுருள் கம்பி. இவ்வளவும் இரண்டு வெள்ளிக் கடையிலேயே முடிந்துவிடும். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பது, ரோட்டில் விழுந்து கிடப்பது.

வரும் பள்ளி விடுமுறையில் எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கால்மிதி பின்னப்போகிறார்கள். ஆளுக்கு ஒரு பழைய பருத்திச் சேலையோ போர்வையோ வீட்டில் கேட்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். பையன்களும் வருகிறேன் என்கிறார்கள், வரட்டும். ஊசி கோர்க்க அம்மா உட்கார்ந்திருப்பார். பால்மரக் கொட்டை வேண்டுமென்றால் கோலாகங்சார், சுங்கை சிப்புட் பக்கம் சிறுதோட்டம் வைத்திருக்கும் தெரிந்தவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அனுமதி கேட்காமல் யார் தோட்டத்து நிரைக்குள்ளும் இறங்க வேண்டாம். போகும்போது பிள்ளைக்கு நீளக் கால்சட்டையும் சப்பாத்தும் போட்டுவிடுங்கள், காட்டில் கொசு அதிகம், அட்டையும் இருக்கும்.